ஞாயித்துக்கிழமை செயின் வேலை

ரெண்டு வாரமா ஸ்ப்ளெண்டர் செயின் கவர்ல அடிச்சுக் கடகடன்னு சத்தம். கடையில விட்டா "சாயங்காலம் வாங்க சார்"தான். நானே உக்காந்துட்டேன்.

கவரைக் கழட்டி, டீசல்ல முக்கின டூத் பிரஷ்ஷால தேய்ச்சா கருப்புக் களி மாதிரி வழியுது, போன மழையோட சேறு மொத்தமும். (இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்கப்பா. ஓடவிட்டுத் துடைச்சா விரல் போயிரும்.) துடைச்சு, 90 நம்பர் கியர் ஆயில் விட்டேன். பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுக்குப் பின்னாடி இழுத்து, செயின் நடுவுல 25 மி.மீ. ஆட்டம் வச்சேன்.

முடுக்கிட்டுப் பார்த்தா சக்கரமே சுத்தல! அஞ்சு நிமிஷம் முழிச்சேன். சக்கரம் பின்னாடி போனதுல பிரேக் ராடு (பெடல்ல இருந்து பின் பிரேக்குக்குப் போற கம்பி) இழுத்துப் பிடிச்சிருக்கு. அந்த ராடு நட்டை ரெண்டு சுத்து தளர்த்தி விட்டதும் சரியாச்சு.

பிரஷ் பழசுன்னுதான் எடுத்தேன். வீட்டம்மா இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.