கடைமடைக்கு முறை

ஷட்டரை நாலு விரல் உயரம்தான் தூக்கியிருக்கிறார், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி. இன்று காலை, பாதிகூட நிரம்பாத ஒரு கண்மாயின் மடை.

மடைக்குப் பக்கத்தில் இருக்கும் தலைமடை வயல்களின் வாமடைகள், அதாவது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்கள், எல்லாம் களிமண் வைத்து அடைபட்டிருக்கின்றன. இன்றைய முறை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு. பூட்டு இல்லை, காவலும் இல்லை.

இது தர்மம் மட்டுமல்ல, கணக்கும்கூட.

தண்ணீர் வராது என்றால் கடைமடைக்காரர், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட வரமாட்டார். ஆள் குறைந்தால் காலில் சீமைக்கருவேலம் ஏறும். அடுத்த மழையில் கண்மாய்க்கு வரத்து குறையும், தலைமடைக்கும் சேர்த்துத்தான்.

போர்வெல் பெருகிய ஊர்களில் இந்தக் கட்டு சீக்கிரம் தளர்ந்தது. சொந்த மோட்டார் வைத்திருப்பவருக்கு மராமத்து எதற்கு?

உத்திரமேரூரில் 921-இலேயே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குக் குடவோலையில்தான் ஆள் எடுத்தார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்று கல்லிலேயே வெட்டிவைத்தார்கள்.

இப்போது தூர்வாரல் என்றால் எல்லாரும் கேட்பது ஆழம் மட்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டினால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், நிலத்தடிக்கு இறங்கும், அவ்வளவுதான். கரையடியை ஒட்டி வெட்டினாலோ கரையே சரியும். முதலில் வரத்துக்காலைச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் ஜேசிபியைக் கண்மாய்க்குள் இறக்குங்கள்.