டக்... டக்... டக்

சாவியைத் திருப்பினேன். டக்... டக்... டக். அவ்வளவுதான், எஞ்சின் அசையவே இல்லை.

பழைய பிக்கப். போன மாதம்தான் புது பேட்டரி போட்டேன். ஆனாலும் முதல் திட்டு பேட்டரிக்குத்தான்.

மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட். முழு சார்ஜ்! அப்புறம் என்ன கேடு?

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப திருப்பட்டுமாப்பா?" என்றான் மகன்.

"திருப்பு."

அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. சரி, திருடன் எர்த் கேபிளில்தான், அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் கம்பியில்தான், இருக்கிறான்.

வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கறுப்பு உறை பளபளவென்று இருக்கிறது. லேசாக வளைத்தேன். உள்ளே மொறுமொறுவென்று சத்தம். கத்தியால் கீறினால், செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தன. நாலைந்து இழைதான் மிச்சம். டக் டக்கென்று தட்ட அது போதும். எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டுமே!

புது கேபிள் போட்டு, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். ஒரே திருப்பில் உறுமியது. ஓடும்போது 14.2 வோல்ட். ஓட்டத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் இருந்த சந்தேகமும் போனது.

எப்போதும் கண்ணுக்கு முன்னால் நிற்பவர்தான் நம்மிடம் முதலில் அடி வாங்குகிறார், இல்லையா?

மூலையில் அந்தப் பழைய பேட்டரி கிடக்கிறது. செத்துவிட்டது என்று நானே கழற்றிப் போட்டது.

இப்போது சார்ஜ் போட்டிருக்கிறேன். காலையில் பார்க்க வேண்டும்.