எத்தனை ஜிபி போடலாம்?

டிஸ்க் மாற்றுவதற்காகப் பழைய ஒலிப்பதிவுக் கருவியை என் மேசையில் வைத்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, புது டிஸ்க் எத்தனை ஜிபி வரைக்கும் போடலாம்?" என்பதுதான். உள்ளே இருக்கிற பாட்டுகள் என்னவாகும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் வேலையைத் தொடங்குவது அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்துதான்.

எங்கள் பழுதுபார்க்கும் பட்டறை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் இருக்கிறது. கோவில் ஒலிபெருக்கி, மிக்சர், கீபோர்டு என்று எல்லாமே வரும். எனக்குப் பிடித்தவை 1990களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த ஒலிப்பதிவுக் கருவிகள். 1996-இல் வெளிவந்த ரோலண்ட் விஎஸ்-880, அதற்கு அடுத்து வந்த விஎஸ்-1680, 2001-இல் வந்த அலெசிஸ் எச்டி24 ஆகியவை அந்த வகை. நாடாவில் பதிந்துகொண்டிருந்த சிறிய ஸ்டூடியோக்காரர்களுக்குக் கணினி இல்லாமலேயே டிஜிட்டல் பதிவைக் கொடுத்தவை இவை. உறுமி மேளக் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் இன்றும் வைத்திருக்கிறார்கள். பொத்தான்களும் ஃபேடர்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் கைவிடுவது உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்.

அது கைவிடும் விதமும் ஒன்றல்ல. பேரிங் தேய்ந்த டிஸ்க் கொசு போல ரீங்காரமிடும். தட்டைப் படிக்கும் தலைப்பகுதி பழுதானது 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும். சில டிஸ்க்குகள் எந்தச் சத்தமும் இல்லாமல் அப்படியே நின்றுவிடும். "பல வருடமாகத் தொடவே இல்லை, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன், எப்படிக் கெடும்?" என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். ஓடாமல் கிடந்தாலும் டிஸ்க்குக்கு வயதாகத்தான் செய்கிறது. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் கனெக்டர்களும் அரித்துப் போகின்றன.

கழற்றிய டிஸ்க்குகள் சிலவற்றில் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கும். எங்களிடம் கணக்குப் பார்க்கும் அக்கா, பெட்டாலிங் ஜெயாவில் 2019-இல் மூடப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையில் வேலை பார்த்தவர். யாராவது "மூடியைத் திறந்து கையால் சுற்றிவிட்டால் ஓடாதா?" என்று கேட்டால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. தலையிலிருந்து கால்வரை மூடிய உடையில், வடிகட்டிய காற்றுக்குள் நின்று வேலை செய்த கதையை அவரே சொல்லத் தொடங்கிவிடுவார். தட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசியைவிடச் சிறியது என்பது அவருக்கு மனப்பாடம். கேட்டவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

ஆகவே டிஸ்க் இன்னும் மூச்சுவிடும்போதே அதிலுள்ளதை வெளியே எடுத்துவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், எச்டி24 தனக்கென்று ஒரு கோப்பு முறையை வைத்திருக்கிறது. அதன் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால், வெற்று டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு பார்மட் செய்யட்டுமா என்று மரியாதையாகக் கேட்கும். 'ஆம்' என்று அழுத்திவிட்டு எங்களிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. விஎஸ் வரிசையோ பல பதிவு முறைகளில் ஒலியைத் தன் சொந்தச் சுருக்கத்தில் எழுதுகிறது. நான் இதையெல்லாம் புரிந்துகொள்ள முயல்வதில்லை. மொழி தெரியாத ஓலைச்சுவடியை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் படியெடுப்பது போல, செக்டார் செக்டாராக, அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகளாக, நகல் எடுக்கிறேன். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. படிக்க முடியாத இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, விட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். மோசமான டிஸ்க் என்றால் நாள்கணக்கில் ஓடும். மேசையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இனி ஜிபி. எச்டி24-இல் 24 தடமும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 3.5 மெகாபைட் எழுதப்படும். ஒரு மணி நேரத்துக்கு 12.4 ஜிகாபைட். 80 ஜிபி டிஸ்க்கில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பதியலாம். எந்த உறுமிக் குழு ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஸ்டூடியோவில் அடிக்கிறது? விஎஸ்-1680 டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பகுதியான பார்ட்டிஷன் ஒன்று 2 ஜிகாபைட்டைத் தாண்டாது. ஐடிஇ என்ற பழைய முறையில் டிஸ்க்கை இணைக்கும் அக்காலத்துக் கருவிகள் பலவற்றுக்கு 28 பிட் முகவரிதான். 137 ஜிபிக்கு அப்பால் இருக்கும் இடம் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. இதைச் சொன்னால் நான் சிறிய டிஸ்க்கைத் தலையில் கட்டப் பார்ப்பதாக நினைக்கிறார்கள்.

விஎஸ்-880-க்குப் பெரும்பாலும் கேமராக்களில் போடும் காம்பேக்ட் பிளாஷ் நினைவக கார்டைத்தான் போடுகிறேன். அந்தக் கார்டு இயல்பாகவே ஐடிஇ முறையில் பேசக்கூடியது என்பதால் அடாப்டர் வெறும் கம்பி இணைப்புதான், மலிவானது. ஆனால் கார்டை யோசித்து வாங்க வேண்டும். சாதாரண கேமரா கார்டுகள் பல, தங்களைக் கழற்றக்கூடிய டிஸ்க் என்று அறிவித்துக்கொள்ளும். சில கருவிகள் அப்படிப்பட்டதை ஏற்பதில்லை. தொழிற்சாலை இயந்திரங்களுக்கென்று வரும் கார்டுகளில் நிலையான டிஸ்க் என்று காட்டிக்கொள்பவை கிடைக்கும். விலை கூடுதல், தலைவலி குறைவு. 2.5 அங்குல டிஸ்க்கின் 44 பின்களில் மின்சாரமும் சேர்ந்தே வரும். பக்கத்தில் ஜம்பருக்கென்று நான்கு பின்கள் தனியாக நிற்கும். கேபிளைத் தள்ளி மாட்டினால் புகைதான். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஐடிஇ என்று கேட்டால் இளைஞர்கள் என்னை அருங்காட்சியகத்திலிருந்து வந்தவனாகப் பார்க்கிறார்கள். நாடா கேபிள், கனெக்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஜாலான் பாசார் கடைகளே கதி. இணையத்தில் 'புதியது' என்று விற்கும் பழைய ஐடிஇ டிஸ்க்குகளை நான் நம்புவதில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து பார்த்தால் ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் உழைத்திருக்கும்.

டிஸ்க் மாற்றிய பிறகு "சத்தம் தெளிவாகிவிட்டது" என்று சிலர் பாராட்டுவதுண்டு. ஒலி உள்ளே எண்களாகத்தான் இருக்கிறது, எண்களுக்கு டிஸ்க்கும் கார்டும் ஒன்றுதான். பாடகரும் மைக்கும் இருக்கும் அதே அறையில் இத்தனை வருடம் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்த பொருள் போய்விட்டது, அவ்வளவே. நானும் விளக்கப் போவதில்லை, பாராட்டை வாங்கிக்கொள்கிறேன்.

எடுத்த நகலைக் கருவியோடு கொடுத்துவிட்டு, எங்களிடமும் ஒன்றைச் சில வாரம் வைத்திருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் பட்டறை வழக்கம். ஓர் உறுமிக் குழுத் தலைவர் அதற்கும் தலையாட்டினார், ஆனால் கட்டணத்தைக் கேட்டதும், "பழைய பாட்டெல்லாம் எதற்குத் தம்பி? சிடியில்தான் இருக்கிறதே, கார்டை மட்டும் மாட்டிக் கொடுங்கள்" என்றார். சிடியில் இருப்பது எல்லாம் கலந்த இரண்டு தடம். டிஸ்க்கில் உறுமி தனி, நாதஸ்வரம் தனி, குரல் தனி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நகல் எடுக்காமல் நான் எந்த டிஸ்க்கையும் மாற்றுவதில்லை என்பதால் கட்டணமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே அந்தக் குழுவின் நாதஸ்வரக்காரர் போன் செய்தார். பழைய பாட்டு ஒன்றைப் புதிய குரலில் பாடப் போகிறார்களாம், இசை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். கட்டணத்தைத் தலைவரிடமே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.