நாலு வார ரிடென்ஷனுக்கு ஐந்து டேப்: ஃபைல் டு டேப் ஜாபில் மீடியா பூல் அமைப்பது

வீம் பேக்கப் அண்ட் ரெப்ளிகேஷன் என்ற பேக்கப் மென்பொருளில் ஃபைல் டு டேப் ஜாப் (ஃபைல்களை டேப்பில் நகலெடுக்கும் வேலை) போடும்போது, எந்த டிரைவில் எழுத வேண்டும் என்று விசார்டு கேட்பதில்லை. எந்த மீடியா பூல், அதாவது ஒரே விதிகளின்கீழ் வரும் எந்த டேப் தொகுப்பு, என்றுதான் கேட்கும். ஃபுல் பேக்கப்புக்கு (எல்லா ஃபைல்களும்) ஒன்று, இன்கிரிமென்டலுக்கு (மாறியவை மட்டும்) ஒன்று. இரண்டிலும் கண்ணில் பட்ட பூலைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். டேப்பில் இருப்பது எத்தனை நாள் பத்திரமாக இருக்கும், புது டேப் எப்போது எடுக்கப்படும், எதன் மேல் எழுதப்படும் என்பதெல்லாம் அந்தப் பூலின் அமைப்பில் இருக்கிறது, ஜாபில் இல்லை. ஆகவே ஜாபைத் தொடும் முன் பூல்களை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட ஒரு சாதாரண அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஃபைல் சர்வரில் 3 டிபி. வெள்ளி இரவு 10 மணிக்கு ஃபுல், மற்ற ஆறு நாளும் தலா 60 ஜிபி இன்கிரிமென்டல். ஒரே ஒரு எல்டிஓ-8 (எல்டிஓ டேப் வகையின் எட்டாம் தலைமுறை) டிரைவ் உள்ள சின்ன லைப்ரரி, அதாவது ஸ்லாட்களில் உள்ள டேப்களைத் தானே மாற்றிக்கொள்ளும் இயந்திரம். கேட்ரிட்ஜ் ஒன்றுக்கு 12 டிபி. பெட்டியில் 30 டிபி என்று அச்சடித்திருப்பார்கள், அது 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் போட்ட எண். ஸ்கேன் செய்த பிடிஎஃப், படங்கள், வீடியோ எல்லாம் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றுக்கு 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீடியா செட், அதாவது பூலுக்குள் தொடர்ச்சியாக எழுதப்படும் டேப்களின் குழு. புது செட் என்றால் புது டேப். பழைய டேப்பில் இடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதில் தொடராது. 'ஒவ்வொரு செஷனுக்கும் (ஜாப் ஓடும் ஒவ்வொரு முறைக்கும்) புது செட்' என்பதை இன்கிரிமென்டல் பூலில் வைத்தால், 60 ஜிபிக்கு ஒரு 12 டிபி கேட்ரிட்ஜ் போகும். இரண்டு வாரத்துக்குள் பன்னிரண்டு கேட்ரிட்ஜ், ஒவ்வொன்றிலும் இருநூறில் ஒரு பங்குதான் எழுதியிருக்கும். நேர் எதிராக 'எப்போதும் நடப்பு செட்டிலேயே தொடர்' என்று வைத்தால் டேப் மிச்சமாகும், ஆனால் பாதுகாப்புக் காலம் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து எண்ணப்படுவதால், தினமும் எழுதப்படும் டேப்பின் காலாவதி தினமும் தள்ளிப்போகும். டேப் நிறையும் வரை அது விடுபடவே விடுபடாது, வெளியே எடுத்துப்போகவும் முடியாது. நடுவழிதான் சரி: ஃபுல் பூலில் ஒவ்வொரு செஷனுக்கும் புது செட், இன்கிரிமென்டல் பூலில் கிழமையும் நேரமும் குறிக்கும் தேர்வில் வெள்ளி இரவு 9 மணி. வாரத்தின் ஆறு இன்கிரிமென்டலும், மொத்தம் 360 ஜிபி, ஒரே டேப்பில் அடங்கும்.

இனி ரிடென்ஷன், அதாவது டேப்பை மேலெழுதாமல் பாதுகாக்கும் காலம். அடிக்கடி இடறுவது இங்கேதான். ஃபுல் பூலுக்கு நாலு வாரம் என்று வைத்து நாலு டேப் கொடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. வெள்ளி இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஃபுல், விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் சனி விடிகாலை மூன்றரை வாக்கில் முடியும். நாலு வாரம் அந்த மூன்றரையிலிருந்து எண்ணப்படும். ஐந்தாவது வெள்ளி இரவு 10 மணிக்கு ஜாப் டேப் தேடும்போது, முதல் டேப்பின் பாதுகாப்பு முடிய இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கும். ஜாப் டேப் கேட்டுக் காத்து நிற்கும். வேறு பூலில் சேர்க்காத டேப்கள் இருக்கும் ஃப்ரீ பூலிலிருந்து தானாக எடுக்கும் வசதியை இயக்கி, அங்கே காலி டேப்பும் இருந்தால் சத்தமில்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பிறகு டேப் எண்ணிக்கை ஏன் கூடியது என்று குழம்புவீர்கள். ஐந்தாவது டேப்பை முன்கூட்டியே சேருங்கள், அல்லது 27 நாள் என்று வையுங்கள். டேப்பை வேறு இடத்துக்கு அனுப்பி வைப்பவர்களுக்கு ஐந்தாவது கட்டாயம். அனுப்பியது குறித்த வெள்ளிக்குள் திரும்பி வரும் என்று நம்பி ஜாபை ஓட்ட முடியாது.

இன்கிரிமென்டலுக்கு இரண்டு வாரம், மூன்று டேப். ஃபுல் பூலின் ரிடென்ஷன் இன்கிரிமென்டலைவிடக் குறையவே கூடாது. ஃபுல் மேலெழுதப்பட்டுவிட்டால், கையில் இருப்பது மாறிய ஃபைல்கள் மட்டும். ஒரு ஃபோல்டரை முழுதாக மீட்க முடியாது. 'பாதுகாக்க வேண்டாம், சுழற்சியாக மேலெழுது' என்ற தேர்வைச் சோதனைப் பூலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் பற்றியும் கொஞ்சம். எல்டிஓ-8 டிரைவின் உச்சம் விநாடிக்கு 360 எம்பி. தரவு மெதுவாக வந்தால் டிரைவும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் சுமார் 100 எம்பி வரைதான். அதற்கும் கீழே போனால் டேப் நிற்கும், பின்னோக்கி ஓடும், மறுபடி தொடங்கும். ஜாப் நீளும், ஹெட்டும் டேப்பும் தேயும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் எவ்வளவு முயன்றாலும் 110 எம்பியைச் சுற்றித்தான் தரும், லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் இருந்தால் அதுவும் வராது. 10 ஜிகாபிட் போடுங்கள். குட்டி ஃபைல் பிரச்சினைக்கு முதலில் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அந்தப் பெரிய பேக்கப் ஃபைலை டேப்புக்கு அனுப்புவதே நல்லது. டிரைவை எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டில் (சாதனத்தை சர்வரோடு நேரடியாக இணைக்கும் கார்டு) இணையுங்கள், ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கார்டு) வேண்டாம்.

ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எஜெக்ட், எக்ஸ்போர்ட் என்று இரண்டு டிக். லைப்ரரியில் எஜெக்ட் என்றால் டேப் டிரைவை விட்டு ஸ்லாட்டுக்குத் திரும்பும், அவ்வளவுதான். தனி டிரைவில் அதே டிக் டேப்பை வெளியே தள்ளிவிடும். அடுத்த இரவு உள்ளே தள்ள ஆள் இல்லையென்றால் ஜாப் நிற்கும். எக்ஸ்போர்ட்தான் டேப்பை வெளியே எடுப்பதற்கான மெயில் ஸ்லாட்டுக்குக் கொண்டுவரும். அந்த ஸ்லாட்டில் போன வார டேப்பை யாரும் எடுக்காமல் விட்டிருந்தால், புதிதை வைக்க இடம் இருக்காது. விண்டோஸின் விஎஸ்எஸ் (திறந்திருக்கும் ஃபைலையும் நகலெடுக்க உதவும் வசதி) டிக்கைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்திருக்கும் பிஎஸ்டி (அவுட்லுக் மெயில்), டேலி ஃபைல்கள் விடுபடும்.

டேப்பில் உள்ளதைக் கடவுச்சொல்லால் பூட்டும் என்கிரிப்ஷனையும் ஜாபில் அல்ல, பூலில்தான் இயக்க வேண்டும். கடவுச்சொல்லை அந்த பேக்கப் சர்வரிலேயே வைக்காதீர்கள், டேப் பெட்டிக்குள்ளும் வேண்டாம்.

எல்டிஓ-9 வாங்குகிறவர்களுக்கு: புது கேட்ரிட்ஜ் முதல்முறை டிரைவுக்குள் போகும்போது தன்னைச் சீரமைத்துக்கொள்ளும்; சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். டிரைவ் தொங்கிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். புது டேப்களைப் பகலிலேயே ஒவ்வொன்றாக ஏற்றி முடித்துவிட்டுப் பூலில் சேருங்கள். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 டேப்பைப் படிக்கும், எழுதும். எல்டிஓ-7 டேப்பைப் படிக்கவே படிக்காது. பழைய டேப்களில் இன்னும் தேவையான தரவு இருந்தால் பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள். கிளீனிங் கேட்ரிட்ஜின் பார்கோடு சிஎல்என் என்ற எழுத்துகளில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். அதை வைத்துத்தான் லைப்ரரி அதைத் தரவு டேப்பிலிருந்து பிரித்தறியும்.

கடைசியாக, எந்த ஃபைல் எந்த டேப்பில் என்ற விவரம் வீமின் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. சர்வர் போய்விட்டால், புது சர்வரில் பார்கோடு இன்வென்டரி மட்டும் போதாது. ஒவ்வொரு டேப்பையும் கேட்டலாக் செய்ய வேண்டும், அதாவது படித்து உள்ளே இருப்பதைப் பட்டியலிட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். வீமின் அமைப்பையும் டேட்டாபேஸையும் சேமிக்கும் கான்ஃபிகரேஷன் பேக்கப்பைத் தினமும் வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பும்படி அமைத்தால் இந்த வேலை மிச்சம்.