காசு கட்டாதவர்கள்

சித்திர மாஸ்ரர் காலமான செய்தி மாசி மாதம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்தது. கொஞ்ச நேரத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அனுப்பியவர்களில் பாதிப் பேர் அவருடைய பாடவேளையில் கணக்குச் செய்தவர்கள். ஓஎல் பரீட்சை கிட்ட வந்தால் அந்தப் பாடவேளையைக் கணக்கு மாஸ்ரர் எடுத்துக்கொள்வதும், இவர் சோக்குப் பெட்டியோடு லைபிரறிப் பக்கம் நடப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பழைய மாணவர் சங்க மலர்க்குழு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டது. எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு பாடவேளைதான்.

ஒன்பதாம் வகுப்பில் குறூப் போட்டோ எடுத்த நாள். காசு கட்டாதவர்களின் பெயரை வகுப்பாசிரியர் பிறேயருக்குப் பிறகு உரக்க வாசித்தார். போர்ட்டிக்கோவுக்கு முன் வாங்குகள் போட்டு எல்லாரும் நெருங்கி நிற்க, நாங்கள் நாலைந்து பேர் வேம்படியில் நின்று பார்த்தோம். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "மரத்தடிப் பெடியள் இன்னும் தள்ளி நில்லுங்கோ, நிழல் விழுது" என்றார். அதையும் செய்தோம்.

அடுத்தது சித்திரம். மாஸ்ரர் மட்டையில் ஒட்டிய ஒரு படத்தைக் கரும்பலகையில் சாய்த்து வைத்தார். ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையில் வெட்டியது. மூன்றாம் வாங்கிலிருந்து பார்த்தால் ஒரே இருட்டு. நடுவில் கறுப்பு உடுப்புக்காரர் ஒருவர், மஞ்சள் உடுப்புக்காரர் ஒருவர், ஓரமாக வெளிச்சத்தில் ஒரு சிறுமி.

"இதுவும் குறூப் போட்டோதான்" என்று தொடங்கினார். "ரெம்பிராண்ட் கீறினது. 1642. ஆம்ஸ்ரடாம் ஊர்க்காவல் படை. ஆளுக்குக் கிட்டத்தட்ட 100 கில்டர் கட்டினவை. நிக்கிற இடத்துக்கேத்த மாதிரிக் கூடக் குறைய. அங்க பின்னுக்குக் கேடயத்தில 18 பேற்ற பெயர் கிடக்கு. சரி, வெளிச்சம் ஆரில விழுது?"

"அந்தப் பெட்டையில, சேர்."

"அவள் காசு கட்டினவளோ?"

வகுப்பு சத்தமில்லை.

"மேளக்காரன் கூலிக்கு வந்தவன். நாய் ஒரு சதமும் கட்டேல்லை. கீறுறவனுக்குக் கண் இருக்கவேணும், தம்பிமாரே."

அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சிறுமியின் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்கும். அதன் நகங்கள் அந்தப் படையின் சின்னம். அதையும் மாஸ்ரர் விளக்கமாகச் சொல்லி வைத்தார். அன்றிலிருந்து ஏஎல் முடியும்வரை எனக்குப் பெயர் "கோழி". இந்த மலரை வாசிப்பவர்களில் அரைவாசிப் பேருக்கு என் சொந்தப் பெயர் நினைவில் இராது. வாங்கில் நின்றவர்கள் தந்த பட்டத்துக்கு மரத்தடியில் நின்றதே மேல்.

84இல் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மாஸ்ரரிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டு போகிற காலமாகவும் அது இருக்கவில்லை. பல வருடம் கழித்துத் தொலைபேசியில் பிடித்தேன். 95இல் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எல்லாரையும்போல அவரும் தென்மராட்சிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். மட்டை வீட்டோடு போய்விட்டது. "அந்தப் படமும் இடம்பெயர்ந்ததுதான்" என்று சிரித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பயந்து 1939இல் கழற்றி, உருளையில் சுருட்டி, இடம் இடமாகக் கொண்டுபோய், கடைசியில் மாஸ்ட்ரிக்ட் பக்கம் ஒரு மலைக்குகையில் வைத்திருந்து, 1945இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீர் அங்கதானே இருக்கிறீர், போய்ப் பாத்தனீரோ?" என்றார்.

வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன் என்று ஏதோ சொன்னேன். லண்டனிலிருந்து ஆம்ஸ்ரடாம் விமானத்தில் ஒரு மணித்தியாலம்.

ஒருவழியாகப் போனது ஓய்வு பெற்ற பிறகு. ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் மியூசியத்தில் அதற்குத் தனி மண்டபம். உயரம் மூன்றே முக்கால் மீட்டர், அகலம் நாலரை மீட்டர். "இராக்காவல்" என்று உலகம் சொல்கிறது; இருட்டாக்கியது மேலே பூசிய வார்னிஷும் ஊத்தையும்தான். படத்தில் நல்ல பகல். கறுப்பு உடுப்புத் தளபதி நீட்டிய கையின் நிழல் பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் அங்கியில் விரல் விரலாக விழுந்திருக்கிறது. பின்வரிசையில், ஒருவரின் தோளுக்கு மேலால் ஒரு தொப்பியும் ஒற்றைக் கண்ணும். அது ரெம்பிராண்டேதான் என்கிறார்கள். மாஸ்ரரின் மட்டையில் அந்த இடம் வெறும் கறுப்பு.

மாஸ்ரர் சொல்லாத ஒன்றும் உண்டு. 1715இல் படத்தை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவே அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடப்பக்கத்தில் வெட்டுப்பட்டதுதான் ஆகப் பெரிய துண்டு. அதோடு இரண்டு ஆட்களும் ஒரு பொடியனும் போய்விட்டார்கள். துண்டு இன்றுவரை கிடைக்கவில்லை. லண்டன் நாஷனல் கலரிக்குச் சொந்தமான ஒரு பழைய பிரதியை வைத்துத்தான் அதில் என்ன இருந்தது என்று தெரியும். அதைக்கொண்டு 2021இல் கணினியால் அந்த ஓரங்களை உருவாக்கிச் சில மாதம் மாட்டி வைத்தார்கள். நான் போனபோது கழற்றியாயிற்று. இதை மாஸ்ரரிடம் கேட்டிருந்தால் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியிருப்பார். கேட்க எனக்கு நாற்பது வருடம் இருந்தது.

இனி ஒரு வேண்டுகோள். அந்த வருட ஒன்பதாம் வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் ஒரு பிரதி எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். அதில் நான் இல்லை. முன்வரிசைக் கதிரைகளில் வலப்பக்கம் கடைசியாக மாஸ்ரர் இருக்கிறார். செலவு என்னுடையது, இம்முறை முன்கூட்டியே கட்டிவிடுகிறேன்.