விலங்கு வாழும் நிலமும் நாம் நடக்கும் நிலமும்

உயிரியல் பூங்கா ஒன்றுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் பார்வையாளர்கள் நடக்கும் பாதையில்தான் போய் நிற்கும். அகலமான சிமெண்ட் பாதை, இருபுறமும் சீராக வெட்டிய புல்வெளி, பூப்பாத்திகள், வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு காடு என்றிருந்தால், அந்தக் காட்டுக்கு எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அது மனிதர் வேடிக்கை பார்ப்பதற்கான மேடையாகவே தங்கிவிடுகிறது. விலங்கு வாழும் நிலமும் நாம் நடக்கும் நிலமும் ஒன்றாகத் தொடரும்போதுதான், இன்னொரு உயிரின் இடத்துக்குள் வந்திருக்கிறோம் என்ற உணர்வு நமக்கு ஏற்படும். சிறந்த நில வடிவமைப்பின் முதல் அடையாளமாக இதையே சொல்வேன். ஆனால் இதை மட்டும் வைத்து எந்தப் பூங்காவையும் பாராட்டிவிட முடியாது. அந்த நிலம் உள்ளே வாழும் விலங்குக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி இதைவிடப் பெரியது. பல வடிவமைப்புகள் அங்கேதான் தோற்றுப்போகின்றன.

கூண்டுக் கம்பிகளை அகற்றும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரை அடுத்த ஸ்டெல்லிங்கனில் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1907இல் திறந்த பூங்காவில், முன்னால் நீர்ப்பறவைகள் உலவும் குளம், அதன் பின்னே தாவர உண்ணிகள் மேயும் வெளி, அதற்கும் பின்னே சிங்கங்கள், எல்லாவற்றுக்கும் பின்னணியாகச் செயற்கை மலையில் ஏறித் திரியும் மலையாடுகள் என்று அடுக்கடுக்காக ஒரே காட்சி விரிந்தது. இடையிலிருந்த அகழிகள் பார்வையாளரின் கண்ணுக்குப் படாதபடி மறைக்கப்பட்டிருந்தன. பெரும்பூனைகள் எவ்வளவு தூரம் தாவும், எவ்வளவு உயரம் தாவும் என்று சோதித்துப் பார்த்த பிறகே அவர் அகழிகளின் அளவை முடிவு செய்தார். விலங்கின் உடல்திறனை அளந்து அதற்கேற்ப நிலத்தை வெட்டும் அந்த முறை இன்றும் அடிப்படையாக நிற்கிறது. ஆயினும் ஹாகன்பெக்கின் பார்வையாளர் வெளியே நின்றுதான் பார்த்தார். காட்சி அவருக்கு எதிரே இருந்ததே தவிர, அவரைச் சூழ்ந்திருக்கவில்லை.

அந்த நிலையை மாற்றியதில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வுட்லேண்ட் பார்க் உயிரியல் பூங்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1970களின் நடுவில் அங்கே டேவிட் ஹான்காக்ஸ் பொறுப்பில் இருந்தபோது, ஜோன்ஸ் அண்டு ஜோன்ஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர்கள், குரங்குகளை ஓரிடத்திலும் பூனை இனங்களை வேறிடத்திலும் வைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, தட்பவெப்பத்தையும் தாவரங்களையும் அடிப்படையாகக் கொண்டு பூங்காவையே வாழிடங்களாகப் பிரித்துத் திட்டம் வகுத்தார்கள். அத்திட்டத்தின்படி 1979இல் திறக்கப்பட்ட கொரில்லா வளாகம்தான் அனைவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கொரில்லாக்கள் செடிகளை வேரோடு பிடுங்கிவிடும், மரத்திலிருந்து விழுந்து அடிபடும், மண்ணிலிருந்து நோய் தொற்றும் என்ற அச்சங்கள் வலுவாக இருந்த காலம் அது. ஓடு பதித்துத் தண்ணீர் அடித்துக் கழுவத்தக்க அறைகளே பாதுகாப்பானவை என்று பெரும்பாலோர் நம்பினார்கள். மண்ணும் புல்லும் மரங்களும் மேடுபள்ளமும் கொண்ட இடத்தில் விடப்பட்ட கொரில்லாக்கள் அந்த அச்சங்களைப் பொய்யாக்கின. பசுமை தாக்குப்பிடித்தது. விலங்குகளின் நடத்தையும் அமைதியடைந்தது. பார்வையாளர்கள் நடக்கும் பக்கத்திலும் அதே அடர்த்தியான தாவரங்களே நடப்பட்டிருந்ததால், எல்லை எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படவில்லை.

இத்தகைய இடத்தை உருவாக்குவதற்கான நுட்பங்கள் கேட்பதற்கு எளிமையானவை. செய்து முடிப்பதுதான் கடினம். ஒரே நீண்ட பார்வைத்தளத்துக்குப் பதிலாகச் சிறு சிறு பார்வையிடங்கள் வேண்டும். ஓரிடத்திலிருந்து பார்ப்பவருக்கு எதிர்ப்புறம் நிற்கும் கூட்டம் தெரியவே கூடாது, ஏனெனில் விலங்குக்குப் பின்னால் வண்ணச் சட்டைகளும் கைபேசிகளும் தெரிந்த கணத்தில் காடு கலைந்துவிடும். விலங்கு நம் கண்மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். குழிக்குள் கிடக்கும் கரடியைக் குனிந்து பார்க்கும் எவருக்கும் அதன் மீது மரியாதை பிறப்பதில்லை. கரடிக்கும் தலைக்கு மேல் நாற்புறமும் ஆட்கள் சூழ்ந்து நிற்பது அச்சத்தையே தரும். கண்ணாடி வழியாகப் பார்க்கும் இடமென்றால், நாம் நிற்கும் பக்கம் கூரையிட்டு இருட்டாக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புலிக்குப் பதிலாக நம் முகமே கண்ணாடியில் தெரியும்.

இவை அனைத்தும் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்படுபவை. இந்த இடத்தில்தான் எனக்கு இத்துறையின் மீது ஒரு மனக்குறை உண்டு. பசுமை முழுவதும் மின்கம்பிக்கு அப்பால் இருக்க, விலங்கு நிற்கும் தரை மட்டும் மிதிபட்டு இறுகிய வெற்று மண்ணாக இருக்கும் வளாகங்கள் உண்டு. நாம் அங்கே காட்டைப் பார்க்கிறோம், விலங்கு அதே காட்டைத் தொட முடியாமல் வாழ்கிறது. அழகுக்கும் பயனுக்கும் இடையிலான இந்த இடைவெளிக்கு லண்டன் உயிரியல் பூங்காவின் பென்குயின் குளம் நன்கறியப்பட்ட சான்று. கட்டடக் கலைஞர் பெர்தோல்ட் லுபெட்கினின் டெக்டான் குழுவினர் 1934இல் கட்டிய அந்தக் குளமும், அதன் நடுவே ஒன்றையொன்று சுற்றி இறங்கும் மெல்லிய கான்கிரீட் சரிவுப் பாதைகளும் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் வியந்து படிக்கும் வேலைப்பாடு. ஆனால் 2004இல் பென்குயின்கள் அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. பாதத்துக்கு இதமான தரையும், வளை தோண்டிக் கூடு அமைக்க மண்ணும், நீந்துவதற்குப் போதிய ஆழமும் அவற்றுக்கு வேண்டும். அந்த வடிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் இந்தத் தேவைகளை அதனால் நிறைவேற்ற முடியவில்லை.

விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் வலியுறுத்திய தப்பியோடும் தூரம் என்ற கருத்தை வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். மனிதன் ஓர் எல்லையைத் தாண்டி நெருங்கினால் விலங்கு விலகி ஓடும். ஓட இடமில்லாத அடைப்பில் அது ஓயாத பதற்றத்தில் இருக்கும். ஆகவே வளாகத்தின் பரப்பளவைக் காட்டிலும், பின்வாங்குவதற்கும் மறைவதற்கும் உயரே ஏறுவதற்கும் அதில் வழி உண்டா என்பதே முக்கியம். எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெரியும் பெரிய புல்வெளியை விட, மேடும் புதரும் விழுந்த மரமும் உள்ள சிறிய இடம் சிறுத்தைக்கு ஏற்றது.

அப்படியானால் விலங்கு ஒளிந்துகொண்டே இருக்காதா என்று கேட்பார்கள். இதற்குத் திறமையான வடிவமைப்பாளர்கள் கையாளும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பார்வைக் கண்ணாடியை ஒட்டிப் பாறை ஒன்றை அமைத்து, அதனுள் வெப்பக் குழாய்களைப் பதித்துவிடுவார்கள். குளிர்ந்த காலையில் சிங்கம் அந்தக் கதகதப்பைத் தேடித் தானாகவே வந்து படுக்கும். பாறைக்குப் பின்னே செங்குத்துச் சுவர் இருப்பதால் முதுகுப்புறத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை, முன்னே அதன் வெளி முழுவதும் பார்வைக்குத் திறந்திருக்கும். வெயில் காலத்தில் அதே இடத்தில் நிழலும் ஈரமும் குளிர்ந்த தரையும் இருந்தால் போதும். விலங்கு தானே விரும்பி வந்து படுக்கும் இடமாக இருப்பதால், பார்வையாளருக்கும் அதை அருகில் காணும் வாய்ப்பு கிடைக்கிறது.

தாவரங்களைப் பொறுத்தவரை, விலங்கின் தாயகத்து மரங்களையே நட வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. உள்ளூர்த் தட்பவெப்பத்தில் செழிக்கும், இலையின் அளவிலும் கிளை விரியும் விதத்திலும் அசலை ஒத்த இனங்களைத் தேர்வதே அறிவுடைமை. அரளி, யூ என்ற ஊசியிலை மரம் போன்ற நச்சுத் தாவரங்கள் விலங்கின் வாய்க்கு எட்டும் தொலைவில் இருக்கவே கூடாது. உதிர்ந்த இலை காற்றில் உள்ளே பறந்து விழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். யானையோ மானோ பட்டையை உரிக்காதபடி முக்கிய மரங்களின் அடியைக் கற்களாலும் மின்கம்பியாலும் காக்கலாம்; ஆனால் கடிக்கவும் ஒடிக்கவும் வேறு தழைகளை அன்றாடம் கொடுக்காமல் இதை மட்டும் செய்வது விலங்குக்கு இழைக்கும் கொடுமை. அகழியை ஒட்டிய மரத்தின் கிளை ஆண்டுதோறும் நீண்டு, ஒருநாள் குரங்குக்குப் பாலமாகிவிடும் என்பதும் வரைபடத்தில் தெரியாத ஆபத்து.

சுவிட்சர்லாந்தின் சூரிக் உயிரியல் பூங்காவில் 2003இல் திறக்கப்பட்ட மசோவாலா மழைக்காட்டுக் கூடம் இன்னும் துணிச்சலானது. ஏறத்தாழ 11,000 சதுர மீட்டர் பரப்பில், 30 மீட்டர் உயரம் வரை எழும் ஒளிபுகும் கூரையின் கீழே, மடகாஸ்கரின் காடு ஒன்று வளர்கிறது. லெமூர்களும் பழந்தின்னி வௌவால்களும் பச்சோந்திகளும் அதில் தம் விருப்பப்படி உலவுகின்றன. பொறுமையின்றி நடப்பவருக்கு இலைகளைத் தவிர எதுவும் தென்படாமல் போகலாம். தேடினால்தான் விலங்கு தெரியும் என்ற காட்டின் விதியைப் பார்வையாளருக்கும் பொருத்தும் உறுதி அதில் இருக்கிறது. பிற பூங்காக்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடம் திறப்பு விழா நாளில் முழுமை பெற்றிருக்கும். அன்று நடப்பட்ட காட்டுக்கு அதுவே தொடக்கம். நிழல் விழ ஆண்டுகள் ஆகும், பார்வைக் கோணங்களைப் புதர்கள் மறைக்கும், மிதிபட்ட மண் இறுகி வேர்கள் மூச்சுத் திணறும், வடிகால்கள் அடைபடும். விலங்குகளைச் சிறிது காலம் வேறு பகுதிக்கு மாற்றிப் புல்லுக்கு ஓய்வு கொடுக்க மாற்று வெளிகளும், மரம் வெட்டும் வண்டி உள்ளே வரத்தக்க அகலமான வாயிலும் தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இவற்றையெல்லாம் கவனிக்கும் தாவரப் பொறுப்பாளருக்குக் கால்நடை மருத்துவருக்கு இணையான அதிகாரமும், கட்டுமானம் முடிந்த பிறகும் ஆண்டுதோறும் தொடரும் தனி நிதியும் கொடுக்கப்பட வேண்டும்.