வாழை முதல் மெய்யழகன் வரை: சினிமா நாட்குறிப்பு

24 ஆகஸ்ட் 2024, சனி

மாலைக் காட்சிக்கு அக்காவோடு ‘வாழை’ போய்விட்டு வந்தேன். வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும்தான் அக்கா ஆரம்பித்தாள். “ஊரே அழுதுகிட்டு இருக்கு, அந்தப் பையனுக்குப் பசிக்குது. இதை எப்படிடா எழுதுனாரு அந்த மனுஷன்?” மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. இழவு வீட்டில் வயிறு கேட்கும் கேள்வியை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சனி, ஞாயிறு வந்தாலே அழுகை வருகிற ஒரு பையனைத் தமிழ் சினிமாவில் இதற்கு முன் பார்த்த ஞாபகம் இல்லை. பள்ளி நாளெல்லாம் அவனுக்குக் கொண்டாட்டம், பூங்கொடி டீச்சர் இருக்கிறார். விடுமுறை என்றால் தோட்டத்தில் வாழைத்தார் சுமக்க வேண்டும். பொன்வேல், ராகுல் இரண்டு பையன்களும் நடித்த மாதிரியே தெரியவில்லை. ஒருவன் ரஜினி கட்சி, இன்னொருவன் கமல் கட்சி. அந்தச் சண்டைக்கு அரங்கமே சிரித்தது. தேனி ஈஸ்வர் கேமரா, சேற்று வாய்க்காலில் தார் தூக்கிப் போகிறவர்களின் கழுத்துக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது. அந்தக் கழுத்து நரம்புகளைப் பார்த்த பிறகு, தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் காட்சிக்குத் தனியாக வசனமே தேவைப்படவில்லை.

ஒரே ஒரு குறை. டீச்சர் காட்சிகளுக்கு நடுவே இசை கொஞ்சம் முந்திக்கொண்டு நம் கையைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் கடைசியில் வரும் ‘பாதவத்தி’ பாட்டை அப்படிச் சொல்ல மாட்டேன். அது ஒப்பாரி, அந்த இடத்துக்கு அது வேண்டும்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று ‘கொட்டுக்காளி’. நேற்றுப் பார்த்ததும் இதுவும் ஒரே நாளில், 23-ஆம் தேதி வெளியானவை. எங்கள் ஊரில் இதற்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றுதான் காட்சி கொடுத்திருக்கிறார்கள். அக்கா வரவில்லை, தனியாகத்தான் போனேன்.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. இசையமைப்பாளர் என்று ஒரு பெயரே இல்லை. முதலில் கொஞ்ச நேரம் காது எதையோ தேடியது. அப்புறம் ஷேர் ஆட்டோவின் இரைச்சல், பைக் சத்தம், சேவலின் சிறகடிப்பு, சூரியின் கட்டிப்போன தொண்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தன. பாண்டிக்குத் தொண்டை சரியில்லை, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். அந்தக் கரகரத்த குரலிலேயே முழுப் படத்தையும் பேசுகிறார் சூரி. காமெடி சூரி என்று இனி யார் சொன்னாலும் நான் சண்டைக்குப் போவேன்.

மீனாவாக வரும் அன்னா பென்னுக்கு வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். வேறு சாதிப் பையனை விரும்பியவள் வாயடைத்துப் போயிருக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வர, அவள் உதடு லேசாக அசைகிறது. அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்கு, அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டி இறங்கி வந்து அடிக்கிற அடி, ஆட்டோவில் இருக்கிற ஒருவரையும் விடவில்லை. அந்த இடத்தில் வயலினோ தவிலோ வந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அடி விழும் சத்தமும் பெண்களின் அலறலும் மட்டும் இருந்ததால், தடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறோமே என்று கூசியது.

இன்னொரு காட்சி. நடுரோட்டில் ஒரு காளை நின்றுகொண்டு வழி விட மறுக்கிறது. அத்தனை ஆம்பளைகளும் பம்முகிறார்கள். ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாள். படம் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

முடிவு சட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒருவர், “என்னங்க, கரண்ட் போச்சா?” என்றார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகும் படங்கள் நம் அரங்குகளில் எத்தனை வந்திருக்கின்றன?

28 ஆகஸ்ட், புதன்

அலுவலகத்தில் டீ நேரம் முழுக்க இந்த இரண்டு படங்கள்தான். ‘வாழை’ பார்த்தவர்கள் நிறைய. ‘கொட்டுக்காளி’ பார்த்தது நானும் இன்னொருவரும் மட்டும். அவர், “அரை மணி நேரக் குறும்படமா எடுத்திருக்கலாம்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பயணம் நீளமாக இருப்பதுதான் படம். நிறுத்தி ஒருத்தர் இறங்குவது, பைக் பின்தங்குவது, மறுபடி கிளம்புவது என்று அலுக்க அலுக்கப் போகும்போதுதான், ஒரு பெண்ணின் வாயைத் திறக்க வைக்க ஒரு குடும்பமே எவ்வளவு மெனக்கெடுகிறது என்பது உறைக்கிறது. இதன் இயக்குநர் வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அதிலும் ஓர் அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. நேரத்தை இப்படித் துணிந்து கையாள்கிறவர் தமிழில் இருப்பது எனக்குப் பெருமை.

‘கொட்டுக்காளி’யைத் தயாரித்தது சிவகார்த்திகேயன் என்றதும் பலருக்கும் ஆச்சரியம். பணம் போட்டவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

22 செப்டம்பர், ஞாயிறு

குடும்பத்தோடு ‘லப்பர் பந்து’. மாமா தீவிர கேப்டன் ரசிகர். கிரிக்கெட் ஆடும் நாயகன் கெத்து மட்டையோடு இறங்குகிறான், ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கிறது, மாமா எழுந்தே நின்றுவிட்டார். ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு, இளையராஜா. போன டிசம்பரில்தான் விஜயகாந்த் போனார். மாமா மட்டுமில்லை, அரங்கில் பாதிப் பேர் அந்தப் பாட்டுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். பழைய பாட்டைச் சும்மா கைதட்டலுக்காகச் செருகும் படங்கள் எனக்குப் பிடிக்காது. இங்கே அது கெத்துவின் வயதைச் சொல்கிறது, அவன் விடமாட்டேன் என்கிற இளமையைச் சொல்கிறது. பாட்டுக்குக் கதையில் வேலை இருக்கிறது.

கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷுக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைக்க இவ்வளவு காலமா! ஹரிஷ் கல்யாணும் சளைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நாங்கள் பேசியது கெத்துவின் மனைவி யசோதாவைப் பற்றித்தான். டிராக்டரை ஓட்டி வந்து ஆடுகளத்தையே உழுதுவிட்டுப் போகிற சுவாசிகாவைப் பார்த்து அம்மா, “நானும் ஒருநாள் இப்படிச் செஞ்சிருக்கணும்” என்றார். அப்பா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹரிஷ் கல்யாண் நடித்த அன்பு என்கிற பையனை அவன் சாதிக்காக அணியில் சேர்க்காமல் வெளியே நிறுத்துகிறார்கள். அதைப் பற்றி யாரும் மைக் பிடித்துப் பேசவில்லை. ஆட்டத்துக்குள்ளேயே, யார் உள்ளே யார் வெளியே என்பதிலேயே வந்துவிடுகிறது. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம். நம்பவே முடியவில்லை.

28 செப்டம்பர், சனி

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மன்னார்குடி. நீடாமங்கலம் பெயரைத் திரையில் பார்த்ததும் என் கையைத் தட்டினார். அதனால் ‘மெய்யழகன்’ பற்றி நான் எழுதுவதில் பாதி அம்மா சொன்னது.

சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பம். இருபத்தி இரண்டு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு வருகிறான் அருள். வேண்டா வெறுப்பாகத்தான் வருகிறான். “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக்கொள்கிறான் ஒருவன். அவன் பெயர் நினைவில்லை, கேட்கவும் கூச்சம். இந்த ஒரு முடிச்சை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்கப் பேச வைத்திருக்கிறார் பிரேம் குமார். ‘96’ படத்திலும் ஓர் இரவுதான், அதிலும் கோவிந்த் வசந்தாதான் இசை.

மணமேடையில் புவனா, அண்ணன் கொண்டுவந்த நகைகளை அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்கிற இடத்தில் நான் அழுதேன். அருளாக வரும் அரவிந்த் சுவாமி அங்கே ஒன்றுமே செய்யவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார், அதுவே போதுமாக இருந்தது. ஒட்டிக்கொள்கிறவனாக வரும் கார்த்தி சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகக் குழைகிறாரே என்று எனக்குப் பட்டது. அம்மா ஒரே போடாகப் போட்டார்: “எங்க ஊருப் பயலுவ அப்படித்தான் இருப்பானுவ.” கமல் குரலில் ‘யாரோ இவன் யாரோ’ வீடு வந்தும் விடவில்லை.

2 அக்டோபர், புதன்

படம் நீளம் என்று வந்த விமர்சனத்தால் ‘மெய்யழகன்’ படத்திலிருந்து சுமார் 18 நிமிடம் வெட்டிவிட்டார்களாம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். எனக்கு மனசே ஆறவில்லை. அக்கா வெட்டியது சரி என்கிறாள். “ராத்திரி பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு, குழந்தைங்க தூங்கிடுச்சு” என்பது அவள் வாதம். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நடுவில் ஜல்லிக்கட்டு, சோழர் பெருமை என்று பேச்சு கதையை விட்டு வெளியே போனதும் உண்மைதான்.

ஆனால் ஊரை விட்டுப் போனவனிடம் ஊரில் இருப்பவன் பேசுவது அப்படித்தான் போகும். எதற்கு எது சம்பந்தம் என்று பார்த்தா பேசுவார்கள்? சண்டைப் படத்தில் துரத்தல் காட்சி நீண்டால் யாரும் வெட்டச் சொல்வதில்லை. இரண்டு பேர் திண்ணையில் பேசினால் மட்டும் ஏன் நமக்குக் கடிகாரம் ஞாபகம் வருகிறது? வெளியான பிறகு கூட்டத்துக்குப் பயந்து கத்தரி போடுவது இயக்குநருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, முதல் நாள் பார்த்தவனும் அடுத்த வாரம் பார்த்தவனும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும். ஏற்கெனவே அது நடந்துவிட்டது. மன்னார்குடிச் சித்தி வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தார். அம்மா விட்டுப்போன காட்சிகளை ஒவ்வொன்றாக நடித்தே காட்டினார்.

6 அக்டோபர், ஞாயிறு

வியாழக்கிழமை ‘வேட்டையன்’ வருகிறது. ‘ஜெய் பீம்’ எடுத்த ஞானவேல் படத்தில் ரஜினி, கூடவே அமிதாப். அனிருத் இசை என்பதால் ‘கொட்டுக்காளி’ பார்த்த காதுக்கு இது வேறு உலகமாகத்தான் இருக்கும். அதுவும் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. என்கவுன்டர் பற்றிய கதையாம். ஞானவேல் கையில் ரஜினி கிடைத்தால் கதை ஜெயிக்குமா, ரஜினி ஜெயிப்பாரா என்பதுதான் என் கேள்வி. மாமாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாயிற்று. அக்கா, படம் எத்தனை மணி நேரம் என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.